குண்டுச் சத்தம் ஓய்ந்த பிறகும் கேட்காத காதுகள்

(தாம்பரத்தில் நடைபெற்ற வணிகர்கள் - இளைஞர்கள் சந்திப்பில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. கலந்துகொண்ட சகோதரர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தருகிறோம்.)

   

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, போர்க்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் காது, மூக்கு, தொண்டைப் பராமரிப்பு. நோட்டீஸைப் பார்த்துவிட்டு, பஜாரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "டாக்டர், தாம்பரத்தில் ஏது போர்? சளிக்கும் காது வலிக்கும் மருந்து சொன்னால் போதாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் போர் நமக்கு அவ்வளவு தூரத்துச் சரக்கும் அல்ல. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் பாதிச் சென்னை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது, சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. அதே நாட்களில் காஷ்மீரத்தின் பூஞ்ச் நகரில் குண்டு விழுந்து சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்த ஒத்திகைச் செய்தியை டி.வி.யில் பார்த்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். சைரன் ஊதினால் எல்லோரும் ஓடுவார்கள். சைரன் கேட்காத பிள்ளை என்ன செய்யும்?

போரில் இறந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கை கால் இழந்தவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. காது போன பிள்ளைகளுக்குக் கணக்கு இருக்கிறதா? ரத்தம் வராத காயம் அது. வெளியே தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, 'மக்கு' என்ற பெயரோடு வளரும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எதற்கும் சிரித்த சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன் நமது இளைஞர்கள் ஒரு சிறுவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். வயது பத்து இருக்கும். போர் நடந்த நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பம். எந்த நாடு, எந்தப் பள்ளி என்று நான் சொல்லப்போவதில்லை; அவனை யாரும் அடையாளம் காண வேண்டாம். இந்தப் புறநகரில் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சளி என்று கூட்டி வந்தார்கள். நான் பெயர் கேட்டேன், சிரித்தான். என்ன வகுப்பு என்றேன், அதற்கும் சிரித்தான். "அவனுக்குத் தமிழ் இன்னும் வரவில்லை டாக்டர், ஸ்கூலிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார் கூட வந்தவர். நானும் தலையாட்டிவிட்டு, சளிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சகோதரர்களே, என் தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். காதுக்கென்றே படித்தவன், அன்று அவன் காதைப் பார்க்கவில்லை. மொழி தெரியாதவன் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் காதில் சீழோடு திரும்ப வந்தான். அப்போதுதான் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு செவிப்பறையிலும் பெரிய ஓட்டை! விசாரித்தால், நான்கு வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்திருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அவனுக்கு யார் பேசியதும் சரியாகக் கேட்டதில்லை. சொந்த மொழியே அரைகுறை. கேட்காத பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்? எதைக் கேட்டாலும் சிரித்து வைத்தால் அடி விழாது என்று அவன் கற்று வைத்திருந்தான்.

இது அகதிப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதா? பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் திணறினால், "வீட்டில் உருது, அதனால் தமிழ் வரவில்லை" என்று ஆசிரியர் சொல்கிறார், அத்தாவும் அதை நம்பிவிடுகிறார். காதைப் பார்த்தவர் யார்?

குண்டு வெடித்தால் காதுக்கு என்ன ஆகும்?

காதை மூன்று அறையுள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அறை வெளிக்காது. அதன் கடைசியில் ஒரு மெல்லிய திரை, அதுதான் செவிப்பறை. அதற்குப் பின்னால் நடுக்காது. அங்கே மூன்று சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. கடைசியில் உட்காது. நத்தைக் கூடு போன்ற அந்தப் பகுதியில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் பல்லாயிரம் உள்ளன. அவைதான் ஒலியை நரம்புக்கு மாற்றித் தருகின்றன.

குண்டு வெடிக்கும்போது காற்று ஒரு சுவர்போல் எழுந்து வந்து அடிக்கிறது. உடம்பில் அந்த அடியை முதலில் வாங்குவது செவிப்பறைதான். அது கிழியும். அடி பலமாக இருந்தால் எலும்புச் சங்கிலி கழன்றுவிடும். உட்காதின் செல்கள் அழிந்துவிடும்.

இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்கு ஒரே நிபந்தனை, காதை ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும், சீழ் பிடிக்க விடக்கூடாது. மூடாவிட்டால் ஆபரேஷன் செய்து அடைக்கலாம். ஆனால் உட்காதின் செல் அழிந்தால் அழிந்ததுதான். அது மறுபடி முளைப்பதில்லை. அதற்குக் காது மெஷின் வேண்டும், அல்லது காக்ளியர் கருவி வேண்டும்.

ஒலியின் அளவை டெசிபல் என்கிறோம். திடீர்ச் சத்தத்தைப் பொறுத்தவரை பெரியவர்களுக்கு 140, பிள்ளைகளுக்கு 120 டெசிபல் என்பதுதான் உச்ச வரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீரங்கியும் விமானக் குண்டும் இந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டுபவை. போர்முனைச் சிப்பாய்க்குக் காதடைப்பான் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு யார் கொடுத்தார்கள்?

வெடித்த மறுநாள் தொடங்கும் வியாதி

போரில் காது கெடுவதற்குக் குண்டு மட்டும் காரணமல்ல. அதைவிட அதிகமான பிள்ளைகளின் காதை முகாம் வாழ்க்கையே கெடுக்கிறது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் இருக்கும். அதனால் சளி பிடித்தால் கிருமி சுலபமாகக் காதுக்குப் போய்விடும். அங்கே சீழ் கட்டும், செவிப்பறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல மருந்து கொடுத்தால் சில நாளில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் வடியும். எலும்பை அரிக்கும். சில பிள்ளைகளுக்கு மூளைவரை போய் உயிரையே எடுத்துவிடும்.

இப்போது ஒரு முகாமை நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பறையில் நான்கைந்து குடும்பம். விறகுப் புகை. அழுக்குத் தண்ணீர். வயிற்றுக்கு அரை உணவு. ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் எல்லாப் பிள்ளைக்கும் சளி. அமாக்சிசிலின் என்ற சாதாரண மருந்துகூடக் கிடைக்காது.

இது நமக்குத் தெரியாததா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, உங்களில் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சோறும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். காது வலியில் அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வந்து நின்றதை நான் அப்போது பார்த்தேன். நமக்கு அது சில நாள், சில வாரம். போர் முகாமில் அது ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு!

தொண்டைக்கு வருகிறேன். தொண்டை அடைப்பான் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, டிப்தீரியா, அது தடுப்பூசியால் அடங்கிய நோய். தடுப்பூசி நின்ற இடத்தில் திரும்ப வந்துவிடும். 2017-ல் போர் நடந்த ஏமனில் வந்தது. அதே ஆண்டு, மியான்மர் ராணுவத்துக்குத் தப்பி வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களுக்கு வந்த ரோஹிங்கியா மக்களிடையே பரவியது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல் படர்ந்து மூச்சை அடைக்கும். முறிவு மருந்து தட்டுப்பாடான மருந்து. பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

அந்த ரோஹிங்கியா மக்கள் நமக்கு அந்நியர்களா? இங்கே பக்கத்தில் கேளம்பாக்கத்தில், 2012 வாக்கில் வந்த சில குடும்பங்கள் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் பல ஆண்டுகள் தங்கியிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளியில் தமிழ் படித்தார்கள். அப்படி வரும் பிள்ளைக்கு நாம் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல காரியம். முதல் வாரத்திலேயே காதுப் பரிசோதனை செய்கிறோமா? விட்டுப்போன தடுப்பூசிகளைப் போடுகிறோமா?

ஜெர்மன் அம்மையும் ஒரு கண் டாக்டரும்

போருக்கும் பிள்ளைகளின் காதுக்கும் உள்ள இன்னொரு தொடர்பு பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் ராணுவ முகாம்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 1940-ல் அங்கே ஜெர்மன் அம்மை, அதாவது ருபெல்லா, பரவியது. முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் தொற்றியது.

சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வருவதைக் கவனித்தார். தாய்மார்களை விசாரித்தார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்தவர்கள் அவர்கள். 1941-ல் அவர் அதை எழுதினார். அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதும் கேட்கவில்லை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. தாய்மார்கள் சொன்னதை ஒரு டாக்டர் காது கொடுத்துக் கேட்டதால் உலகம் அறிந்துகொண்ட உண்மை இது!

2017 பிப்ரவரியில் நமது தமிழ்நாட்டில் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீடுகளிலும் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்தவர்கள் உண்டு. அந்த ஊசி இன்றைய பெண் பிள்ளையின் நாளைய குழந்தைக்குக் காது கொடுக்கும் ஊசி! இதை வீட்டிலுள்ள பெண்களிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

உயிரைக் காத்து காதைக் கெடுத்த மருந்து

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்குகிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது? 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்றும் நல்ல உணவும்தான் வைத்தியம்.

1943-ல், போரின் நடுவே, அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசத்துக்குக் கிடைத்த முதல் மருந்து. கோடிக்கணக்கான உயிரைக் காத்தது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சிலருக்கு உட்காதின் செல்களைக் கொன்றுவிடும். ஜென்டாமைசின், அமிக்காசின் எல்லாம் அதே குடும்பம்தான். விலை மலிவு, கைவசம் இருக்கும், காயத்துக்குச் சட்டென்று போடலாம். அதனால் போர்க்கள மருத்துவத்தில் இவற்றைத் தவிர்க்க முடிவதில்லை. ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்க அங்கே நேரமும் இருக்காது, வசதியும் இருக்காது. உயிர் பிழைத்த பிள்ளை வீடு திரும்பும், காது திரும்பாது.

அந்த டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே, அமைதியான ஊரில், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி ஊசி போட்டுக்கொள்வதும், காதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் கண்ட சொட்டு மருந்தை ஊற்றுவதும் எந்த வகையில் சரி? மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேட்டரிக்குத் தடை வந்தபோது

கடல் தாண்டி அருகிலேயே இலங்கை. 1990-ல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பல பொருட்களுக்கு அரசு தடை விதித்தது. பேட்டரியும் அதில் ஒன்று. செய்தி கேட்க மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். காது மெஷின் வைத்திருந்த பிள்ளை என்ன செய்தது? அதை எந்த டைனமோவில் ஓட்டுவது? யாழ்ப்பாணத்தை ஒட்டிய கைதடியில் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. போரின் நடுவே இத்தகைய பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய ஆசிரியர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு 30-ஆம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்த மாணவர்கள் புத்தகப் பையைக்கூட எடுக்காமல் புறப்பட்டார்கள். புத்தளம் பகுதியில் கிடுகுக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று குண்டும் பார்க்கவில்லை, முகாமின் சளியும் சீழும் பார்க்கவில்லை. நாமும் பார்க்கக்கூடாது.

இன்னொரு இடம் காஸா. அங்கே 1992-ல் 'அத்ஃபாலுனா' என்ற சங்கம் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 'நம் குழந்தைகள்' என்று பொருள். பள்ளிக்கூடம், காதுப் பரிசோதனை, கைத்தொழில் பயிற்சி எல்லாம் நடத்திய சங்கம். 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் பள்ளிக்கூடங்களெல்லாம் முதலில் அகதி முகாம்களாயின. பிறகு அவற்றின் மீதே குண்டு விழுந்தது. காது கேளாத பிள்ளைக்கு விமானம் வருவது தெரியாது. 'வெளியேறு' என்ற அறிவிப்பு கேட்காது. இரவில் விளக்கில்லாவிட்டால் அம்மாவின் கை ஜாடையும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இருட்டு என்றால் தாய்மொழியும் போயிற்று என்று அர்த்தம்.

இதிலிருந்து வணிகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் உண்டு. நிவாரணம் என்றால் அரிசி, போர்வை, பால் பவுடர் என்று பட்டியல் போடுகிறோம். முறையாகப் பதிவு பெற்ற, சட்டப்படி அனுப்ப உரிமையுள்ள அமைப்புகள் மூலம் நீங்கள் உதவும்போது, பட்டியலின் கடைசியில் இரண்டு பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: காது மெஷினுக்கான செல், பிள்ளைகளுக்கான காதடைப்பான். சட்டைப் பையில் அடங்கும். காது மெஷினின் சிறிய செல் ஒரு வாரம், பத்து நாள்தான் வரும். அது தீர்ந்தால் மெஷின் வெறும் பிளாஸ்டிக்!

நம் தெருவில் என்ன நடக்கிறது?

குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுக்கக்கூடியது என்றால், யாரோ தடுக்கத் தவறியது என்றுதானே அர்த்தம்? அங்கே குண்டு தவறவிட்டது. இங்கே எது தவறவிடுகிறது?

அரசின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. 2013-ல் தொடங்கிய திட்டம் அது. ஆனால் நம்மில் பலர் பிள்ளைகளைத் தனியார் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிறோம். சிலர் மதரஸாவில் சேர்க்கிறோம். அங்கே அந்தக் குழு வருவதில்லை. பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை இல்லை என்பதை எந்தப் பெற்றோராவது யோசித்ததுண்டா?

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கவனியுங்கள்.

பிள்ளை டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா? "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல், முன்னால் வந்தால் மட்டும் பதில் சொல்கிறதா? வாயைத் திறந்துகொண்டே தூங்கிக் குறட்டை விடுகிறதா? தலையணையில் சீழ்க் கறை இருக்கிறதா? வகுப்பில் திடீரென்று பின்தங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வாய் திறந்து தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். அது காதுக் குழாயையும் அடைக்கும்.

ஒரு எளிய சோதனையும் உண்டு. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். ஒரு காதை விரலால் மெல்ல அடைக்கச் சொல்லுங்கள். மறு காதுக்குக் கிசுகிசுத்த குரலில் இரண்டு எண்ணும் ஒரு எழுத்தும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அடுத்த காதுக்கு. திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் மெஷினில் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியிலேயே செய்யுங்கள். உருது வீட்டுப் பிள்ளைக்கு உருதில் கேளுங்கள். அப்போதுதான் குறை மொழியிலா காதிலா என்பது தெரியும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். பூண்டுச் சாறு, தாய்ப்பால் வேண்டாம். ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதில் விடாதீர்கள். சீழ் வடியும் பிள்ளையைக் குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறக்காதீர்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடையுங்கள். காதில் அறையாதீர்கள்! ஆசிரியரானாலும் உஸ்தாதானாலும் அத்தாவானாலும் சொல்கிறேன். ஓர் அறையில் கிழிந்த செவிப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கை குண்டுதான்.

காசில்லையே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்கே காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் உண்டு. பிறவியிலேயே அறவே கேட்காத பிள்ளைக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை அது. ஆறு வயது தாண்டினால் அந்த வாசல் அடைபடுகிறது. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பருவமும் அதுதான். "ஆம்பிளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசுவான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருந்து, ஏழு வயதில் தூக்கி வந்த பெற்றோர்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

நான் கேட்பது நான்கு காரியம்

ஒன்று, ஜமாஅத்துகளுக்கு. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் நேரத்தில், மதரஸாவிலும் மஹல்லாவிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு காதுப் பரிசோதனை நாள் வையுங்கள். எந்தச் சமூகத்துப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன், எனக்குத் தெரிந்த டாக்டர்களையும் அழைத்து வருகிறேன்.

இரண்டு, வணிகர்களுக்கு. ஒரு கடைக்கு ஒரு பிள்ளை என்று எடுத்துக்கொள்ளுங்கள். காது மெஷின் வாங்கிக் கொடுப்பதோடு முடிவதில்லை. மாதாமாதம் செல் வேண்டும், பழுதானால் ரிப்பேர் வேண்டும். ஒரே தடவை பெரிய தொகை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, ஐந்து ஆண்டு செல் வாங்கித் தருபவரே அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்.

மூன்று, இளைஞர்களுக்கு. அகதிகளோ வெளிமாநிலத் தொழிலாளர்களோ, பிழைக்க வந்த குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், பள்ளியில் சேர்த்துவிட்டதோடு நிற்காதீர்கள். காதுக்கும் தடுப்பூசிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்புறம் உங்கள் காதையும் பாருங்கள். 12 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் சத்தமாகப் பாட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. குண்டு விழாத ஊரில் நம் கையாலேயே காதுக்குள் சத்தத்தைச் செருகிக்கொள்வதா?

நான்கு, ஆசிரியர்களுக்கு. சரியாகக் கேட்காத பிள்ளையை முன் பெஞ்சில், நல்ல காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். பிள்ளை உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அரசு மருத்துவமனையில் அவனுடைய வலது காதில் ஆபரேஷன் செய்து செவிப்பறையை அடைத்தார்கள். இடது காதின் உள்பகுதி போய்விட்டது. அதை மீட்க முடியவில்லை. மெஷின் வைத்தோம். கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து வந்தான். பெயர் கேட்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெயரைச் சொன்னான், வகுப்பைச் சொன்னான், அதுவும் தமிழில். பிறகு என்னிடமே ஒரு கேள்வி கேட்டான்: "அந்த ஃபேன் எப்பவும் இப்படிச் சத்தம் போடுமா?"

அந்த ஆறு ஆண்டை அவனுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் தெருவில், உங்கள் மதரஸாவில், எதைக் கேட்டாலும் சிரிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். இருந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.